வியாழக்கிழமை வாக்குமூலம்

வெள்ளைத்துரையின் முதுகுப்பக்கம் யாரும் போகக்கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். பாண்டிச்செல்வி அந்தச் சட்டத்தை ஒரு பல்லைக் கொடுத்துப் படித்தவள். புருசனுக்குச் சோறு வைக்க வேண்டுமென்றால் எதிரே வந்து நின்று, "சோறு வைக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் குனிவாள். அடுப்படிக்கு நேர்வழி அவன் உட்காரும் இடத்துக்குப் பின்னால் இருந்தது. அதை விட்டுவிட்டு வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லை வழியாக வருவாள். விஸ்வநத்தத்தில் ஓர் அறையும் ஒரு சாய்ப்பும் உள்ள வீட்டில் இருந்துகொண்டு அவள் நடந்த நடையைப் பங்களாக்காரிகள்கூட நடந்திருக்க மாட்டார்கள்.

மகள் சினேகாவுக்கும் சட்டம் தெரியும். ஆனால் வயசு எட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டு இருளம்மாளின் ஆடு இரண்டு குட்டி போட்டுவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் எந்தப் பிள்ளைக்குச் சட்டம் நினைவிருக்கும்? கொல்லை வழியாக ஓடிவந்து, கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பனைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டது.

"அப்பா, ரெண்டு குட்டிப்பா."

வெள்ளைத்துரையின் வலது முழங்கை பின்னால் போனது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பிள்ளை போய் ஆட்டுரலில் விழுந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வட்டிலைத் தட்டிவிட்டு எழுந்து, வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கைலி நழுவுவதும் தெரியாமல் கண்மாய்க்கரை வரைக்கும் ஓடினான்.

பிள்ளைக்கு நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைத்துவிட்டது. கழுத்தெலும்பு உள்ளே ஒடிந்து ஒரு தோள் தாழ்ந்து கிடந்தது. அழக்கூட இல்லை. "நாந்தாம்மா பின்னால போய்ட்டேன்" என்று மட்டும் சொன்னது. தன்னை அடித்ததையெல்லாம் பாண்டிச்செல்வி பொறுத்தாள். பிள்ளை தப்பு தன்மேல் என்று சொல்லப் பழகிவிட்டதே, அதை எப்படிப் பொறுப்பது.

வெள்ளைத்துரை குடிகாரன் இல்லை. குடித்துவிட்டு அடித்திருந்தால் தெருவுக்காவது விளங்கியிருக்கும். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற ஆள். கை நடுங்கினால் அந்த வேலைக்கு ஆகாது என்பதால் சாராயப் பக்கமே போனதில்லை. போன வருசம் ஆவணியில், தீபாவளி ஆர்டர் குவிந்துகிடந்த சமயம், மருந்து ரூம் வெடித்தது. ஐந்து பேர் செத்தார்கள். முதுகும் இடது கையும் வெந்து தப்பியவன் இவன் ஒருத்தன்தான். செத்த ஐந்து பேரில் பாண்டிச்செல்வியின் தம்பி பாலகுருவும் ஒருத்தன். அவனுக்குப் பட்டாசு வேலையே கிடையாது. சிவகாசியில் ஒரு அச்சாபீசில் இருந்தான். லேபிள் கட்டுகளைக் கம்பெனியில் இறக்கிவிட்டு வரப் போனவன், வெளியே சரக்குக் காயப்போடும் களத்தில் நின்றிருந்தபோது தீ பிடித்துச் செத்ததாகச் சொன்னார்கள். அதற்காகத்தான் கம்பெனியில் அவளுக்குப் பாக்கெட் போடும் வேலை கொடுத்திருந்தார்கள்.

பேய் என்று சொன்னவர்களின் பேச்சையும் அவள் கேட்டுப் பார்த்துவிட்டாள். கோடாங்கி வந்தார். உடுக்கை அடித்தபடி வெள்ளைத்துரையைச் சுற்றி வந்தவர், சுற்றுகிற வேகத்தில் முதுகுப்பக்கம் போய்விட்டார். மூக்கு உடைந்து, உடுக்கை கிழிந்து, வந்த வழியே போனார். தெரு சிரித்தது. பாண்டிச்செல்வியும் அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தாள்.

பிள்ளைக்குக் கட்டுப் போட்ட சாத்தூர் ஆஸ்பத்திரியில் நர்சம்மா ஒருத்தி, "எப்படி விழுந்தா" என்று கேட்டாள். பாண்டிச்செல்வி ஆட்டுரலைச் சொன்னாள். நர்சம்மா அவளுடைய பல் இல்லாத இடத்தைப் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை இங்கன செழியன்னு ஒரு சார் வருவாரு. ஊசி மாத்திரை கிடையாது. பேசுவாரு. வீட்டுக்காரர கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா நா போலீசுக்குத்தான் எழுதணும்" என்றாள்.

கூட்டிக்கொண்டு போனாள். போலீஸ் என்ற சொல்லுக்கு இருந்த மரியாதை அது.

செழியனுக்கு நாற்பது வயசு இருக்கும். சாத்தூர்க்காரர்தான். அம்மா தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டினவர் என்று அவரே சொன்னார். அவருடைய அறைக்கு வாசல் ஒன்றே ஒன்று. வெள்ளைத்துரை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் உள்ளே கால் வைக்கவில்லை. நெற்றியில் வேர்த்து ஊற்றியது.

"உள்ள வர வேண்டாம். ஒங்களுக்கு எங்க ஒக்காந்தா நல்லாருக்கும், நீங்களே சொல்லுங்க" என்றார் செழியன்.

வெள்ளைத்துரை ஆஸ்பத்திரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நாலு பக்கமும் திறந்து கிடந்த சைக்கிள் ஷெட்டைக் காட்டினான். டாக்டர் மாதிரி ஆள் சைக்கிள் ஷெட்டில் வந்து உட்காருவார் என்று பாண்டிச்செல்வி எதிர்பார்க்கவில்லை. செழியன் மூன்று பிளாஸ்டிக் சேரைத் தானே தூக்கிவந்து, எந்தச் சேர் வேண்டும் என்று அவனைக் கேட்டு, அவன் கண் எதிரிலேயே தன் சேரைப் போட்டுக்கொண்டார்.

"ஒங்களுக்கு என்ன கோளாறுன்னு கேக்க வரல. ஒங்களுக்கு என்ன நடந்துச்சோ அதுதான் ஒடம்புக்குள்ள இன்னும் நடந்துட்டே இருக்கு. அதைச் சொல்லணும்னு அவசரம் இல்ல. எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம். கையைத் தூக்குனாப் போதும்."

அப்புறம் ஒரு நோட்டை எடுத்து மடியில் வைத்தார். கெட்டது அங்கேதான்.

நோட்டும் பேனாவுமாக ஒருத்தர் எதிரே உட்கார்ந்தால் பட்டாசுக்காரர்களுக்கு அது விசாரணை. தாசில்தார் வந்தாலும் சரி, இன்சூரன்ஸ்காரர் வந்தாலும் சரி, பத்திரிகைக்காரர் வந்தாலும் சரி, சொல்வது ஒன்றுபோல இருக்க வேண்டும். மாற்றிச் சொன்னால் கேஸ். வெள்ளைத்துரை முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்.

"காலைல எட்டு மணிக்கு வேலைக்குப் போனோம். மருந்து ரூம்ல நாலு பேர்தான் இருந்தோம். பாலகுருவும் சின்னத்தாயும் வெளிய களத்துல நின்னாக. பதினொன்னரைக்குச் சத்தம் கேட்டுச்சு. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

அன்றைக்கு நடுவில் ஒரு இடத்தில் தடுமாறினான். 'பாலகுருவும்' என்று சொல்லிவிட்டு நாக்கு நின்றுபோனது. பாண்டிச்செல்வி பயந்துவிட்டாள். இந்த ஆள் எதையாவது எழுதி எங்காவது அனுப்பி, தனக்கு இருக்கிற பாக்கெட் வேலையும் போய்விட்டால் பிள்ளைக்குக் கஞ்சி ஏது? அதனால் அடுத்த வியாழக்கிழமை பஸ்ஸில் ஏறியதுமே ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஒருதடவ சொல்லிப் பாருங்க. நாக்கு தட்டக்கூடாது."

"வேணாம் செல்வி."

"என்ன வேணாம்? அவரு நோட்டுல எழுதுதாருல்ல. பாலகுரு எங்கன நின்னான்?"

"களத்துல."

"சத்தமாச் சொல்லுங்க. எங்கன நின்னான்?"

"களத்துல நின்னான்."

சாத்தூர் வரும்வரை நாலு தடவை சொல்ல வைத்தாள். மூன்றாவது வியாழக்கிழமையும் அப்படியே. புருசனைக் காப்பாற்றுகிறோம் என்று மனசார நம்பித்தான் செய்தாள்.

செழியன் வேறு என்னவெல்லாமோ சொல்லிக் கொடுத்தார். நெஞ்சு படபடக்கும்போது இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்து. இப்போது எங்கே இருக்கிறாய் என்று வாய்விட்டுச் சொல். கண்ணில் படுகிற ஐந்து சாமானைப் பெயர் சொல்லி எண்ணு. வெள்ளைத்துரை வீட்டிலும் செய்து பார்த்தான். "விசுவநத்தத்துல இருக்கேன், அடுப்பு, கொடம், பாய்" என்று அவன் தனியே முணுமுணுப்பதைக் கேட்டு இருளம்மாள், "அம்புட்டும் முத்திப்போச்சு" என்று முடிவே கட்டிவிட்டாள்.

ஆனால் வியாழக்கிழமை போய் வந்த சாயங்காலங்களில் அவன் முன்னைக்கும் மோசமானான். ஒரு வாரம் குடங்களைச் சுவரில் அடித்து உடைத்தான். மறுவாரம், அவன் பின்னால் கிடந்த முறத்தை எடுக்கப் போனவளின் கழுத்தைப் பிடித்துவிட்டான். கண்ணைப் பார்த்தால் அது அவளைப் பார்க்கிற கண் இல்லை. கட்டைவிரல் தொண்டைக்குழியில் இறங்கியது. கண்ணுக்குள் கறுப்பு கறுப்பாக வந்தது. சினேகா, கட்டுப்போட்ட கையோடு முன்னால் வந்து நின்று, "அப்பா, பாதத்த அழுத்துங்க. எங்கன இருக்கீக, சொல்லுங்க" என்று கத்தியது. கை விட்டுப்போனது. அவன் வெளியே ஓடவில்லை, அங்கேயே சரிந்து உட்கார்ந்து தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான். பாண்டிச்செல்விக்கு அன்றைக்குப் பயத்தைவிட வெறுப்பு அதிகமாக இருந்தது. இன்னும் ஒரு வியாழக்கிழமை, அதோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விடுவது என்று தீர்மானித்துவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை, கழுத்தில் ஐந்து விரலும் கன்னிப்போய்த் தெரிய அவள் சேரில் உட்கார்ந்தாள். செழியன் பார்த்தார்.

"மொதல்ல ஒண்ணு கேக்கணும். செல்வியம்மா, ராத்திரி தங்குறதுக்கு வேற எடம் இருக்கா ஒங்களுக்கும் பிள்ளைக்கும்?"

"எங்க அம்மா வீடு ரெண்டு தெரு தள்ளித்தான் சார். அம்மா மட்டுந்தான் இருக்கு."

"சரி. அதை இன்னைக்கே பேசி முடிவு பண்ணுவோம்." பிறகு வெள்ளைத்துரை பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, மூணு வாரமா நீங்க சொன்னதை எழுதி வச்சிருக்கேன். ஒரு வார்த்தை மாறல. சொந்தமா அனுபவிச்சதச் சொல்றவுக இப்படிச் சொல்ல மாட்டாக. முன்னப்பின்ன வரும். இது யாரோ சொல்லிக்குடுத்த மாதிரி இருக்கு."

பாண்டிச்செல்வி முந்திக்கொண்டாள். அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

"நாந்தான் சார் பஸ்ல சொல்ல வச்சுக் கூட்டியாரேன். விசாரணையில மாத்திப் பேசுனா கேஸாயிரும்ல."

"எத்தன தடவை?"

"நாலஞ்சு தடவ. பாலகுரு எடத்துலதான் தட்டுதாரு. அத மட்டும் நல்லாச் சொல்லச் சொல்லுவேன்."

செழியன் நோட்டை மூடினார். எழுந்துவந்து, எதிரில் நின்று, அதை வெள்ளைத்துரையின் கையில் கொடுத்தார்.

"இது விசாரணை இல்ல. மொத நாளே இதைச் சொல்லாம விட்டது என் தப்பு. இந்த நோட்டைக் கிழிச்சாலும் சரி, வீட்டுக்குக் கொண்டு போனாலும் சரி. இங்க பேசுறது இந்த ஷெட்டத் தாண்டாது."

வெள்ளைத்துரை நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் இரண்டாகக் கிழித்தான். நாலாகக் கிழித்தான். கிழித்ததை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தரையைப் பார்த்தான். பக்கத்துச் சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

"நாலு பேர் இல்ல சார். ஆறு பேரு" என்றான்.

"வேணும்னா மெதுவா. செல்வியம்மா கொஞ்சம் வெளிய இருக்கட்டுமா?"

"இருக்கட்டும். அவ கேக்கணும்."

செழியன் அவளைப் பார்த்தார். அவள் எழுந்து போகவில்லை.

"லைசென்சு நாலு பேருக்குத்தான், ரூம்ல ஆறு பேரு. சீசன் டயத்துல அப்படித்தான். சின்னத்தாய் பேரு ரெஜிஸ்டர்லயே கிடையாது. அன்னைக்கு ஒருத்தன் வரல. ஆள் பத்தல. பாலகுரு லேபிள் கட்ட எறக்கிட்டு சும்மா நின்னான். நாந்தான் கூப்பிட்டேன். ஏலே மாப்ள, அரமணி நேரம் கை குடுலேன்னேன். செருப்பக் களட்டிப்போட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டே வந்தான்."

பாண்டிச்செல்வி மடியில் வைத்திருந்த தூக்குவாளியைக் கெட்டியாகப் பிடித்தாள்.

"போர்மேன் உக்கிரபாண்டி மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. நா கமந்து கெடக்கேன், முதுகு பூரா எரியுது. காதுகிட்ட வந்து சொன்னாரு. கம்பெனிக்கு சீல் வச்சா எரநூறு குடும்பம் பட்டினிலே, கூப்பிட்டு உள்ள விட்டவன் நீ, கேஸுன்னா மொத ஆளு நீதான்லே, களத்துல நின்னான்னு சொல்லிருன்னாரு. நானும் சொல்லிட்டேன். சொல்லுறதுக்கு எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ஏன்னா…"

கை மேலே எழும்பியது. நிறுத்தச் சொல்லும் கை. செழியன் தலையசைத்து, "நிறுத்துவோம். பாதம் தரையில இருக்கா?" என்றார். வெள்ளைத்துரை பாதத்தை அழுத்தினான். "சாத்தூர்ல இருக்கேன். சைக்கிள், பம்பு, செவரு" என்றான். மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்தது. பிறகு தானாகவே கையை இறக்கினான்.

"மருந்து உரசுற சத்தம் கேட்டா, ஒன் வாசலப் பாத்து ஓடு, ஆளப் பாக்காதன்னு மொத நாளே சொல்லிக்குடுப்பாக. எங்க எல்லாருக்கும் எந்த வாசல்னு தெரியும். அவனுக்குத் தெரியாது. அவன்ட்ட நா சொல்லல. புஸ்ஸுன்னு கேட்டுச்சு, பொகையில ஒண்ணும் தெரியல. பின்னாலருந்து என் இடுப்பப் பிடிச்சுட்டான். கெட்டியாப் பிடிச்சுட்டான். என்னால நகர முடியல. முழங்கையால குத்துனேன். மூணு குத்து. மூணாவதுல கை விட்டுட்டான்."

அவள் எழுந்தது யாருக்கும் தெரியவில்லை. தூக்குவாளி அவன் புருவத்தில் விழுந்தபோதுதான் தெரிந்தது. சோறும் தண்ணீரும் ரத்தமுமாக அவன் முகத்தில் வழிந்தது. வாளி உருண்டு போக, கையால் அடித்தாள். கன்னத்தில், நெஞ்சில், தோளில். கை வலித்தபோது சேரைத் தூக்கினாள். அவன் கையை உயர்த்தவில்லை. தலையைக் குனியவும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து வாங்கிக்கொண்டான். பதினாலு மாதமாக ஈ உட்கார்ந்தால்கூடக் கை நீட்டியவன் அவன்.

செழியன் அவளைத் தொடாமல் குறுக்கே வந்து நின்றார். "போதும் செல்வியம்மா. இதுக்கு மேல அடிச்சா அப்புறம் ஒங்களாலேயே தாங்க முடியாது."

அவள் சேரைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எந்தம்பி ஏதாவது சொன்னானா?"

வெள்ளைத்துரை செழியனைப் பார்த்தான்.

"அவரை ஏன் பாக்கீக. என்னப் பாத்துச் சொல்லுங்க."

"மாமா, வாசல் எங்கனன்னு கேட்டான்."

"சொன்னீகளா?"

"இல்ல."

அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இத்தன வாரமா பஸ்ல வச்சு ஒங்க வாயாலயே அவனக் களத்துல நிறுத்த வச்சிருக்கேனே" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

அன்றைக்கு அவன் விஸ்வநத்தம் திரும்பவில்லை. புருவத்தில் தையல் போட்டுக்கொண்டு, சாத்தூரிலேயே இருந்த அண்ணன் சோலைச்சாமி வீட்டுக்குப் போனான். அது செழியனோடு மூன்று பேருமாக இருந்து பேசி எடுத்த முடிவு. அடுத்த வியாழக்கிழமை அவன் மட்டும் வருவான். அவள் வருவதும் வராததும் அவள் இஷ்டம்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அவள் வீட்டுக்குள் நேர்வழியாகவே நடந்தாள். சுற்றிப் போக வேண்டியதில்லை. அதுவே அவளுக்குக் கோபமாக வந்தது. புருசன் மேல் கோபம், கூப்பிட்டதும் போன தம்பி மேல் கோபம். எல்லாவற்றையும்விடப் பெரிதாக, ஆறு பேரை அந்த ரூமில் அடைத்தவன் ஒருவன் இருக்கிறானே, அவன் மேல் கோபம்.

திங்கள்கிழமை காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்து நின்றது. உக்கிரபாண்டி படிக்கட்டுப் பக்கம் நின்று ஆள் எண்ணிக்கொண்டிருந்தான். வேனுக்குள் பதினைந்து இருபது பொம்பளைகள்.

"ஏறுத்தா, நேரமாச்சு."

"எந்தம்பி உள்ளதான் செத்தான்" என்றாள் பாண்டிச்செல்வி.

"என்னது?"

"மருந்து ரூமுக்குள்ள. ஆறு பேர்ல ஒருத்தனா."

உக்கிரபாண்டி சிரிக்கப் பார்த்தான். "யாரு சொன்னா ஒனக்கு?"

"குத்தி விட்டவரே சொன்னாரு."

வேனுக்குள் பேச்சு நின்றது. உக்கிரபாண்டி கீழே இறங்கிக் குரலைத் தாழ்த்தினான். "கோட்டிக்காரப் பய பேச்சக் கேட்டு வாய விடாத. கூப்பிட்டு உள்ள விட்டது ஒம்புருசன். கேஸுன்னா அவந்தான் உள்ள போவான். ஒனக்கும் வேல போயிரும்."

"போகட்டும். அவரு போனா ஒங்களயும் கூப்பிட்டுத்தான் போவாரு. நாலு பேர் ரூம்ல ஆறு பேர அடச்சது யாரு?"

"அங்கிட்டு வா, பேசிக்கிடுவோம்" என்று அவன் அவளுடைய கையைப் பிடித்தான். அவள் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிய தள்ளில் அவன் வேன் கதவில் மோதி, படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். யாரும் அவனைத் தூக்கிவிடவில்லை. டிரைவர்கூட முன்கண்ணாடி வழியாக ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வேன் அவள் இல்லாமல் போனது.

அம்மா சோலையம்மாளிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் அவன்தான் என்று நினைத்தாள். அவனை மன்னித்துவிட்டாளா என்றால், இல்லை. மன்னிக்கிற அளவுக்கு அவளுக்கு முழுசாக எதுவும் தெரியவும் தெரியாது. அந்த அரைமணி நேரம் தம்பி உள்ளே என்ன வேலை செய்தான், யார் பக்கத்தில் நின்றான், எதற்காகச் சிரித்தான், ஒன்றும் தெரியாது. அதையெல்லாம் பார்த்துவிட்டு உயிரோடு இருக்கிற ஆள் உலகத்திலேயே ஒருத்தன்தான்.

வியாழக்கிழமை சைக்கிள் ஷெட்டுக்கு அவள் போனபோது இருவரும் முன்னமே உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைத்துரையின் புருவத்தில் தையல் நூல் தெரிந்தது. அவளைக் கண்டதும் எழப் போனான். எழாமல் பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டான். உதடு அசைந்தது. சைக்கிள், பம்பு என்று அவன் எண்ணுவதை அவள் நின்று கேட்டாள். அவள் ஒரு சேரை இழுத்துவந்து அவனுக்கு நேர் எதிரே, முழங்காலும் முழங்காலும் இடிக்கிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

"மிச்சத்தையும் சொல்லுங்க. அடிக்க மாட்டேன்."